கண் மங்கினால் வேலையையும் பறிக்க வேண்டுமா?

அப்பா இப்போதெல்லாம் பேப்பர் படிப்பதில்லை. அம்மா கல்யாண வீடுகளுக்கு வருவதில்லை. கேட்டால், "எனக்கு எதுக்குப்பா அலைச்சல்" என்கிறார். வயசானா அப்படித்தான் என்று நாமும் கடந்துவிடுகிறோம். பல வீடுகளில் உண்மைக் காரணம் வேறு. எழுத்து தெரியவில்லை, எதிரே வருபவரின் முகம் தெரியவில்லை. பேசாமல் போனால் தப்பாக நினைப்பார்களோ என்ற கூச்சம்.

கண்புரை என்றால் ஆபரேஷனில் பார்வையை மீட்கலாம். க்ளாக்கோமாவிலும், 'மாகுலர் டிஜெனரேஷன்' எனும் விழித்திரைச் சிதைவிலும் போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. சிகிச்சை எல்லாம் மிச்சத்தைக் காக்கத்தான். இங்கேதான் நாம் பாசத்தில் ஒரு தப்பு செய்கிறோம். "நீங்க உட்காருங்க, நான் பார்த்துக்கிறேன்" என்று அரிவாள்மணை, ஏடிஎம் கார்டு, வீட்டுச் சாவி என ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்கிறோம்.

2014-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, விழித்திரைச் சிதைவு உள்ள 188 முதியவர்களைக் கவனித்தது. எல்லோருக்கும் பார்வை மறுவாழ்வுப் பயிற்சி உண்டு. கூடவே ஒரு பிரிவினருக்கு ஆறுதலான பேச்சு. இன்னொரு பிரிவினருக்கு, பிடித்த வேலைகளைச் சிறு படிகளாக மீண்டும் தொடங்க வழிகாட்டல். நான்கு மாதத்தில், இரண்டாவது பிரிவில் மனச்சோர்வு ஏறக்குறைய பாதிதான். ஆறுதல் மட்டும் போதாது, செய்ய வேலையும் வேண்டும் என்பதே இதன் பாடம்.

பெரிய கண் மருத்துவமனைகளில் 'லோ விஷன்' பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். போனில் எழுத்தைப் பெரிதாக்குங்கள். ஆண்ட்ராய்டில் திரையை வாசித்துச் சொல்லும் 'டாக்பேக்' உண்டு. படி விளிம்பில் பளிச்சென்ற டேப், வெள்ளைச் சோற்றுக்கு அடர்நிறத் தட்டு. அறைக்குள் வரும்போதே பெயர் சொல்லிப் பேசுங்கள்.

"யாரோ நிக்கிறாங்க" என்று இல்லாத உருவங்களைச் சொன்னால் உடனே மனநோய் என்று முடிவு கட்டாதீர்கள். சார்ல்ஸ் போனே என்பவர் 1760-ல் தன் தாத்தாவிடம் கண்டு எழுதியது இது. பார்வை குறையும்போது மூளையே அந்த இடத்தை உருவங்களால் நிரப்புகிறது. பயந்து மறைப்பவர்களே அதிகம். டாக்டரிடம் சொன்னால் பாதிப் பயம் போய்விடும். தூக்கமின்மையும் பசியின்மையும் இரண்டு வாரம் தாண்டினால் மனநல மருத்துவரையும் பாருங்கள்.

அடுத்த முறை வீட்டுக்குப் பேசும்போது, "கண் எப்படி இருக்கு?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "கண்ணால எதை எல்லாம் விட்டுட்டீங்க?" என்றும் கேளுங்கள். அதில் ஒன்றையாவது திருப்பிக் கொடுக்க நம்மால் முடியும்.