ஒரே பெர்த், இரண்டு டிக்கெட்?

அரக்கோணம் கவுண்டரில் ஒருத்தர், சென்ட்ரலில் ஒருத்தர். ஒரே நொடியில் ஒரே பெர்த்தைக் கேட்டால் யாருக்குக் கிடைக்கும்? (எங்கள் வீட்டில் முதன்முதலாக ரிசர்வேஷன் ஃபாரம் நிரப்பியவன் நான். அதனால் எனக்கு இதில் அக்கறை அதிகம்!)

டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து முன்பதிவு மையங்களும் 1999-இல் ‘கான்செர்ட்’ மென்பொருளால் இணைந்தன. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு மெஷின் படுத்தாலும் வேலை நிற்கக் கூடாது. அதற்குத்தான் கிளஸ்டர்: பல மெஷின்கள், பொதுவான டேட்டாபேஸ்.

எத்தனை மெஷின் என்று எண்ணியே கிளஸ்டரை எடை போடுகிறோம். என் கட்சி வேறு. மெஷின்களுக்கு நடுவே கேபிள் அறுந்தால்? ‘மற்றவன் செத்துட்டான்’ என்று இரண்டு பக்கமும் நினைத்து, ஒரே பெர்த்தை இருவருக்கும் விற்றுவிடும். டிஜிட்டல் கம்பெனி 1983-இல் அறிவித்த வேக்ஸ் கிளஸ்டரிலேயே இதற்கு ஓட்டு முறை உண்டு. மூன்றில் இரண்டு சேர்ந்த பக்கம் ஓடும். தனியா மாட்டினது தானாகவே நின்றுவிடும். நிற்கட்டுமே! கவுண்டரில் காத்திருந்தால் கால்தான் வலிக்கும். நடுராத்திரி நம்ம பெர்த்தில் இன்னொருத்தர் டிக்கெட்டோடு படுத்திருந்தால்?

தவறுதலாக அழித்த ரெக்கார்டை மட்டும் கிளஸ்டர் மீட்டுத் தராது. அதற்கு பேக்கப் தனியாக வேண்டும்.

லேபில் மூன்று பிசியை இணைத்து, ஓடும்போதே ஒரு கேபிளைப் பிடுங்கிப் பார்க்க ஹெச்.ஓ.டி. சாரிடம் அனுமதி கேட்கப் போகிறேன். யார் யார் வர்றீங்க?