பரிசோதனைக்கு விலக்கு உண்டா?

பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு லாக்டோமீட்டர் என்னும் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்க்கும் வழக்கம் நம் ஜனங்களுக்குத் தெரிந்ததேயாகும். தண்ணீர் சேர்ந்தால் பாலின் கனம் குறையும். குழாய் அதிகமாய் முழுகும். திருட்டு வெளியாகிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் சாமர்த்தியசாலியான வியாபாரி என்ன செய்கிறான் என்றால், முதலில் பாலிலுள்ள கொழுப்பை எடுத்துவிடுகிறான். கொழுப்பு லேசான பொருளானதால், அது போனவுடன் பாலின் கனம் கூடிவிடுகிறது. கூடின அளவுக்குத் தண்ணீரை ஊற்றிச் சரிக்கட்டிவிட்டால், குழாய் பழைய இடத்திலேயே நின்று "நல்ல பால்" என்று நற்சாட்சிப் பத்திரம் கொடுத்துவிடுகிறது. வாங்குகிறவனுக்கு இரட்டை நஷ்டம். விற்கிறவனுக்கு இரட்டை லாபம்.

இதில் குழாய் பொய் சொல்லிற்றா? இல்லவே இல்லை. கனம் என்ன என்று கேட்டோம், கனத்தைச் சொல்லிற்று. பால் நல்லதா என்று நாம் கேட்கவேயில்லை. அதனால்தான் பால் சங்கங்களில் கனத்தோடு கொழுப்பையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

இதே மாதிரியான மோசம் பெரிய அளவில் நடந்து, பச்சைக் குழந்தைகளின் உயிரைக் கொண்டுபோன சங்கதி 2008-ம் வருஷத்தில் சீன தேசத்தில் வெளியாயிற்று. அதை நம்மவர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது அவசியமாகும்.

அங்கே சிறு குடியானவர்களிடமிருந்து பாலைச் சேகரித்துப் பெரிய கம்பெனிகளுக்கு விற்கும் இடைத்தரகர்கள் பாலில் தண்ணீரைக் கலந்தார்கள். தண்ணீர் கலந்தால் புரதம் குறையும். கம்பெனியோ புரதத்தைப் பார்த்தே பாலை வாங்கும். அந்தப் புரதத்தைக் கணக்கிடும் முறையை 1883-ல் டென்மார்க் தேசத்து ரசாயனியான யோஹன் கெல்டால் என்பவர் கண்டுபிடித்தார். உணவைக் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாகப் பிரித்து அளந்து, பாலானால் அந்த அளவை 6.38-ஆல் பெருக்கிப் புரதம் இவ்வளவு என்று சொல்லுவதே அம்முறையாகும். சாதாரணமாக உணவில் நைட்ரஜன் பெரும்பாலும் புரதத்திலேயே இருப்பதால் இந்தக் கணக்கு நன்றாகவே உதவி வந்தது. கெல்டால் மீது குற்றமொன்றுமில்லை. ஆனால் அவருடைய முறை அளப்பது நைட்ரஜனையே அல்லாமல் புரதத்தை அல்ல.

இந்த ஓட்டையைத் திருடர்கள் நன்றாய்த் தெரிந்துகொண்டார்கள். பிளாஸ்டிக் தட்டு முதலியவை செய்ய உதவும் மெலமைன் என்ற வெள்ளைத் தூளில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஒரு கிராம் மெலமைனைப் பாலில் போட்டால் நாலு கிராமுக்கு மேல் புரதம் இருப்பதாகக் கணக்கு வந்துவிடும். தண்ணீரான பால் காகிதத்தில் சத்துள்ள பாலாயிற்று. அந்தப் பாலிலிருந்து செய்த மாவே ஆகாரமாக வளர்ந்த கைக்குழந்தைகளின் மூத்திரக் காயில் மெலமைனும் யூரிக் அமிலமும் சேர்ந்து கல்லாய் இறுகிற்று. பாதிக்கப்பட்ட குழந்தைகள் சுமார் 2 லட்சத்து 94 ஆயிரம். ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்கள் சுமார் 52 ஆயிரம். இறந்தவை 6 என்பது அந்தச் சர்க்காரே ஒப்புக்கொண்ட கணக்காகும்.

இதைத் தடுக்க வழியில்லாமலா போயிற்று? பாலிலுள்ள புரதத்தை ஓர் அமிலத்தால் திரித்துப் படியவைத்து, வடிகட்டி, படிந்ததில் மட்டும் நைட்ரஜனை அளந்திருந்தால் மெலமைன் வடிநீரோடு போயிருக்கும், குட்டு உடைந்திருக்கும். அதற்கு மகா பெரிய யந்திரம்கூட வேண்டியதில்லை. வேண்டியிருந்ததெல்லாம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கும் புத்தி ஒன்றுதான். அதற்கு முந்திய 2007-ம் வருஷத்திலேயே, சீனாவிலிருந்து போன கோதுமைப் பசையில் இதே மெலமைன் இருந்து அமெரிக்காவில் நாயும் பூனையும் செத்த விஷயம் உலகத்துக்குத் தெரிந்திருந்தும் குழந்தைகளின் பாலை எவரும் அந்தக் கேள்வி கேட்கவில்லை.

நிற்க, இதைவிட அக்கிரமமான விஷயம் ஒன்றுண்டு. இந்த மோசத்தில் முதலாவதாக அகப்பட்ட சான்லு என்ற கம்பெனியின் சரக்குக்குச் சர்க்கார் "பரிசோதனை விலக்கு" என்ற கௌரவத்தைக் கொடுத்திருந்தது. அதாவது பெரிய கம்பெனி, பேர்போன கம்பெனி, ஆகையால் அதைப் பரிசோதிக்க வேண்டியதில்லையாம்! 2007 கடைசியிலேயே தாய்மார்கள் முறையிட்டும், 2008 ஆகஸ்டு ஆரம்பத்தில் கம்பெனி உள்ளூர் அதிகாரிகளிடம் சொல்லியும் சங்கதி அமுக்கப்பட்டது. அந்த மாதந்தான் பெய்ஜிங்கில் ஒலிம்பிக் பந்தய ஆர்ப்பாட்டம். கடைசியில் நியூஸிலாந்து சர்க்கார் பெய்ஜிங்குக்கு நேரே தெரிவித்த பிறகு, செப்டம்பரில்தான் விஷயம் பகிரங்கமாயிற்று. அதன்பின் 109 கம்பெனிகளின் குழந்தை மாவைப் பரிசோதித்ததில் 22 கம்பெனிகளின் மாவில் மெலமைன் இருந்தது. விலக்கு முறையும் அந்த மாதமே ஒழிக்கப்பட்டது. குழந்தைகள் செத்த பிறகு!

குற்றவாளிகளில் இருவர் 2009-ல் தூக்குமேடைக்குப் பதில் வேறு விதமாய்க் கொல்லப்பட்டார்கள். கம்பெனித் தலைவிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் தன் குழந்தையும் பாதிக்கப்பட்டதால் மற்றப் பெற்றோர்களைச் சேர்த்துக்கொண்டு நியாயம் கேட்ட ஜாவோ லியன்ஹாய் என்பவருக்கும் 2010-ல் இரண்டரை வருஷ சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. விஷம் வைத்தவனும் குற்றவாளி, ஏன் என்று கேட்டவனும் குற்றவாளி என்றால் இது என்ன நீதி என்று கேட்கின்றோம்.

இந்தக் கதையைக் கேட்டவுடன் சிலர், "பார்த்தீர்களா, விஞ்ஞானம் ஏமாந்துவிட்டது, அந்தக் காலத்தில் பரிசோதனை ஏது? ஜனங்கள் சுகமாய் இருக்கவில்லையா?" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் காலத்தின் யோக்கியதை என்ன? 1820-ல் லண்டனில் பிரெடரிக் ஆக்கம் என்ற ரசாயனி எழுதிய புத்தகத்தில், பாலாடைக் கட்டியில் நிறத்துக்காக ஈயச் செந்தூரம் சேர்ந்திருந்ததையும், ஊறுகாய் பச்சையாய்த் தெரியச் செம்பு சேர்த்ததையும் அம்பலப்படுத்தியிருக்கிறார். பரிசோதனை இல்லாத காலத்தில் மோசம் இல்லாமலில்லை. மோசம் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். மெலமைனைக் காட்டிக்கொடுத்ததும் நாக்கல்ல, மூக்கல்ல. உணவிலுள்ள பொருள்களைத் தனித்தனியே பிரித்து ஒவ்வொன்றின் மூலக்கூறு எடையையும் கண்டு சொல்லும் கருவிகளேயாகும். ஆகவே ஏமாந்த பரிசோதனைக்கு மருந்து, பரிசோதனையை விட்டுவிடுவதல்ல. அதைவிட நல்ல பரிசோதனையாகும்.

நமக்கும் இதில் சம்பந்தமில்லாமலில்லை. சீனப் பாலையும் பால் பண்டங்களையும் இந்திய சர்க்கார் 2008 செப்டம்பரில் தடுத்து, அத்தடையைப் பல தடவை நீடித்தும் வந்திருக்கிறது. ஆனால் அயலான் சரக்கைத் தடுத்துவிட்டால் உள்ளூர்ச் சரக்கு தானாகவே சுத்தமாய்விடாது. 2006-ம் வருஷத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவின்படி, விலைகொடுத்து வாங்கும் எவரும், வாங்கும்போதே கடைக்காரருக்குத் தெரிவித்து, கட்டணம் கட்டி, உணவுப் பகுப்பாய்வாளரிடம் பண்டத்தைச் சோதித்து அறிக்கை பெறலாம். சட்டத்துக்கு விரோதமானதென்று தெரிந்தால் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். இந்த உரிமை இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

"சோதித்தது" என்று டப்பாவில் அச்சடித்திருப்பதைக் கண்டவுடன் கும்பிடு போடுவது பகுத்தறிவாகாது. எதைச் சோதித்தாய்? எந்த முறையில் சோதித்தாய்? சோதித்தவனுக்குச் சம்பளம் கொடுப்பவன் யார்? முடிவை எங்கே வெளியிட்டாய்? என்கின்ற நாலு கேள்விகளையும் எவ்வளவு பெரிய கம்பெனியானாலும், எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் கேட்டே தீரவேண்டும். பெரிய இடம் என்பதற்காகப் பரிசோதனைக்கு விலக்குக் கொடுத்த நாட்டில் அந்த விலக்குக்கு விலை கொடுத்தவர்கள், கேள்வி கேட்க வாய் திறவாத கைக்குழந்தைகள். அவர்களுக்காகக் கேட்கவேண்டியவர்கள் வாயுள்ள நாமேயாவோம்.