உதட்டுக்கும் ஒரு குடை

கோடை விடுமுறை வந்ததும் குலு, மணாலி என்று குடும்ப சகிதமாய்ப் புறப்படுவது நம்மவர்களிடையே சகஜமாகிவிட்டது. கம்பளிச் சட்டை, குரங்குக் குல்லாய், புளியோதரை மூட்டை ஒன்றையும் மறப்பதில்லை. ஆனால் ரோதாங் கணவாயின் பனியில் ஒரு பகல் விளையாடித் திரும்பியவர்களின் உதடுகளைப் பார்த்தால் பரிதாபமாயிருக்கிறது. வெடித்து, வீங்கி, ரசஞ் சாதம் பட்டாலும் எரிச்சல்! பழி முழுவதையும் குளிரின் தலையில் போட்டுவிடுகிறோம். குளிருக்கும் வறண்ட காற்றுக்கும் அதில் பங்கு உண்டுதான்; ஆனால் சூரியனுடைய பங்கை யாரும் கவனிப்பதில்லை.

ரோதாங் ஏறக்குறைய 13,000 அடி உயரத்திலுள்ளது. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெயிலிலுள்ள புற ஊதாக் கிரணங்களின் வலிமை சுமார் பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. புதுப் பனியோ, தன்மேல் விழும் அக்கிரணங்களில் 100க்கு 80 வரை திருப்பி அனுப்ப வல்லது. ஆக, உதட்டுக்கு மேலிருந்தும் அடி, கீழிருந்தும் அடி!

நமது சருமத்துக்கு நிறமளித்துக் காக்கும் பொருள் உதட்டில் குறைவு. அங்கே மேல்தோலும் மிக மெல்லியது. அதிலும் கீழ் உதடு வானத்தை நோக்கி அமைந்தது. பல்லாண்டுகள் வெயிலில் உழைத்தவர்களுக்கு உதட்டில் புற்றுநோய் வந்தால், பெரும்பாலும் கீழ் உதட்டில் வருவது இதனால்தான். ஆகையால் இதை வெறும் அழகு விஷயமென்று தள்ளிவிடலாகாது.

பாட்டியின் வெண்ணெய் வெடிப்புக்கு இதமளிக்கும், வெயிலைத் தடுக்காது. வெறும் பளபளப்புப் பூச்சும் அப்படியே. 'லிப் பாம்' என்று கடைகளில் விற்கும் உதட்டுக் களிம்புகளில் 'எஸ்.பி.எப். 30' அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணும், 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்ற சொற்களும் உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்வது நலம்.

வெயிலில் இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே தடவிக்கொள்ளுங்கள். பெயருக்கு ஓர் இழுப்பு இழுத்தால் போதாது. வாயின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை தாராளமாகப் பூச வேண்டும். இரண்டு மணிக்கொரு முறையும், சாப்பிட்டபின், காப்பி குடித்தபின், வாய் துடைத்தபின் மறுபடியும் பூச வேண்டும். உதட்டை நாவால் நனைக்கும் பழக்கம் களிம்பையும் அழிக்கும், வறட்சியையும் வளர்க்கும். அகன்ற விளிம்புள்ள தொப்பி இருந்தால் இன்னும் உத்தமம்.

வெடித்த உதட்டில் கற்பூரமும் மெந்தாலும் கலந்த களிம்பைப் பூசினால் எரிச்சல் மிகும். எந்தக் களிம்பானாலும் அரிப்போ தடிப்போ கண்டால் உடனே நிறுத்திவிடுங்கள். குடும்பத்துக்கெல்லாம் ஒரே களிம்பு என்று சிக்கனம் பார்க்க வேண்டாம். உதட்டுக் கொப்புளத்தை உண்டாக்கும் கிருமி ஒருவரிடமிருந்து மற்றவருக்கு அதன் வழியே போகக் கூடும். தித்திப்பு வாசனையுள்ளதைக் குழந்தைகள் தின்பண்டமென்று கடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் நிறையாத சிசுவுக்கு நிழலே தகுந்த காப்பு.

கடைசியாக ஒன்று: உதட்டில் ஆறாத புண்ணோ, செதில் செதிலாக உரியும் வெண்திட்டோ இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், களிம்பை மாற்றி மாற்றிப் பூசிக் காலங்கடத்தாமல் வைத்தியரிடம் காட்டிவிடுவதே விவேகம்.