எச்சரிக்கையை விடுத்தால் போதுமா?

"எச்சரிக்கை விடுத்தார்" என்பதற்கு இங்கிலீஷில் "லெஃப்ட் எ வார்னிங்" என்று ஒரு மாணவன் எழுதினால் வகுப்பே சிரிக்கும். சிரிக்கிறவர்களில் எத்தனை பேருக்குச் சரியான ஜோடி தெரியும் என்பது வேறு விஷயம்! அங்கே வார்னிங்கை 'இஷ்யூ' பண்ணுவார்கள். அதைக் கேட்டு நடப்பது 'ஹீட்'. கண்டிப்பானது 'ஸ்டெர்ன்', பேரழிவைச் சொல்வது 'டயர்'. இதற்கெல்லாம் விதி கிடையாது, புழக்கம்தான். தமிழிலும் எச்சரிக்கையை விடுக்கிறோம், புயல் கூண்டை ஏற்றுகிறோம். மாற்றிச் சொன்னால் யாருக்கும் புரியாது.

ஆனால் ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகங்கள் இதற்குத் தரும் உதாரணம் என்ன? லேட்டாக வந்தவனை மேனேஜர் மிரட்டுவது.... தருவைகுளத்திலிருந்து தூத்துக்குடிக்குப் பஸ் ஏறிப் படிக்க வரும் பிள்ளைக்கு இது எதற்கு? அந்த ஊர்ப் படகுகள் தங்குகடலுக்குப் போகிறவை. அவனுக்கு வேண்டிய இங்கிலீஷ் வானிலை மையத்தின் அறிக்கையில் இருக்கிறது. அதில் வரும் 'டிப்ரஷன்' மனச்சோர்வு அல்ல, காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று எந்த வகுப்பில் சொல்கிறார்கள்?

அந்த அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் வரி: "ஃபிஷர்மென் ஆர் அட்வைஸ்டு நாட் டு வென்ச்சர் இன்டு த சீ." வென்ச்சர் என்றால் துணிந்து கிளம்புவது. கரையில் நிற்கிறவனுக்கான சொல் அது. 2017 நவம்பர் 29-ல் இலங்கை அருகே உருவான தாழ்வு மண்டலம் மறுநாளே ஒக்கி புயலாகிவிட்டது. குமரி, கேரள மீனவர்கள் பலர் அதற்குப் பல நாள் முன்பே ஆழ்கடலில் இருந்தார்கள். அவர்களிடம் "கிளம்பாதே" என்றால் என்ன அர்த்தம்? செய்தி போய்ச் சேரவே வழியில்லாதது பெரிய காரணம், உண்மை. ஆனால் போய்ச் சேர்ந்திருந்தாலும் அந்த வரியில் அவர்களுக்கு என்ன இருக்கிறது? நூற்றுக்கணக்கானோர் திரும்பவே இல்லை.

இன்னொன்று 'எக்ஸ்ட்ரீம்லி ஹெவி', அதாவது அதி கனமழை. ஒரு நாளில் சுமார் 20 செ.மீ. தாண்டினாலே இந்தப் பெயர்தான். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் கொட்டியது சுமார் 95 செ.மீ. அதற்கும் அதே பெயர்! முன்கூட்டியே சொன்னோம் என்று மத்திய அரசும், சொன்னது போதாது என்று மாநில அரசும் பிறகு மல்லுக்கு நின்றன.

தமிழிலும் அறிக்கை வருகிறதே, இங்கிலீஷ் எதற்கு என்று கேட்கலாம். தமிழில் வருவது "அறிவுறுத்தப்படுகிறார்கள்". அந்த 'அட்வைஸ்டு' அப்படியே கரையேறி வந்திருக்கிறது, அவ்வளவுதான். மூலத்தின் சொற்களைப் பிடித்துக் கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளைகள் கரையில் வேண்டும். அடுத்த புயலின்போது ஆசிரியர்கள் அந்த அறிக்கையைக் கரும்பலகையில் எழுதிப் போடட்டும். கடலில் ஏற்கெனவே இருப்பவனுக்கு இதில் எந்த வரி என்று முதல் கேள்வி கேட்கட்டும்.