எழுத்தாளர்க்குக் கணக்கேடு வேண்டாவோ?

நூலச்சிட்டுக் கடன்பட்டவனுக்கு வரிக்கணக்கு எதற்கென நகைப்பர் நம் புலவர்கள். யானும் நகைத்தவனே. சாம்பல்தீவிலிருந்து திருகோணமலைக்கு நூற்கட்டுச் சுமந்த பேருந்துக் கட்டணம், அச்சுக்கூலி, வெளியீட்டு விழாவில் முதற்பிரதிக்கென உறையிலிட்டுத் தந்த பணம் யாவும் ஒரே பையிற் கலந்தன. இலாபமோ நட்டமோ, இன்றளவும் அறியேன்.

2025 ஏப்ரலில் தொடங்கிய வரியாண்டு முதல், ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபா வரை வரியில்லை. நம்மிற் பெரும்பாலார் அவ்வெல்லைக்குள் அடங்குவர். ஆயினும் சம்பளம் பெறும் ஆசிரியர் நூல் வருவாயையும் அதனோடு கூட்டல் வேண்டும். அச்சுச்செலவைக் கழிக்கவோ பற்றுச்சீட்டு வேண்டும். (புலவர் வீட்டிற் பற்றுச்சீட்டு அடுப்பெரிக்கவே உதவும்!)

அயர்லாந்து 1969இல் எழுத்தாளர்க்கு வருமானவரி விலக்களித்தது. நாமும் கேட்கலாம். "உம் நட்டம் எவ்வளவு?" என்று அதிகாரி வினவின், யான் காட்டத்தக்கது அந்தப் பை ஒன்றே.