புலம் பெயர்ந்தோரும் கூட்டுறவும்

சில ஆண்டுகளாக நடவுக் காலத்தில் மேற்கு வங்கத் தொழிலாளர் பலர் தஞ்சை மாவட்டத்திற்கு வந்து செல்கின்றனர். பூதலூர் வட்டாரமும் இதற்கு விலக்கன்று. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, குழுவாக வயலில் இறங்கி நட்டு முடிக்கின்றனர். ஆளின்றி நாற்று முற்றிவிடுமே என்று கலங்கிய விவசாயிக்கு இது பேருதவி. நடவுக் கூலியை நம்பி வாழும் நம்மூர்ப் பெண்களுக்கோ இது கவலை. அக்கவலை நியாயமானதே, ஆயினும், அது வந்தவர் மீது வெறுப்பாக மாறலாகாது.

கூலியைக் குறைப்பவர் அதைக் கொடுப்பவரேயன்றி, பிழைப்புத் தேடி வந்தவர் அல்லர். ஒரே வேலைக்கு உள்ளூராருக்கும் வெளியூராருக்கும் ஒரே கூலி என்பதை விவசாய அங்கத்தினர்கள் கைக்கொண்டால், ஒருவரைக் காட்டி மற்றவர் கூலியைக் குறைக்க இடமிராது.

நெசவாள அங்கத்தினர்களுக்கும் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். தஞ்சையிலும் கும்பகோணத்திலும் பட்டு நெசவை வளர்த்த சௌராஷ்டிர மக்களின் முன்னோர், வேற்றுமொழி பேசிக்கொண்டு நெடுந்தொலைவு பெயர்ந்து வந்தவர்களே. அவர்தம் கைத்திறன் இன்று நம் மாவட்டத்தின் பெருமை.

வாழ்விழந்து வந்தோர்க்குக் கூட்டுறவு கைகொடுத்ததும் உண்டு. 1962-இல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்டு, தொழில்களும் கடைகளும் தேசியமயமானபின், தமிழர் பலர் உடைமைகளை இழந்து திரும்பினர். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கைத் தோட்டத் தொழிலாளர் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தனர். இவர்களின் மறுவாழ்வுக்காக 1969-இல் தோன்றிய ரெப்கோ வங்கி ஒரு கூட்டுறவு வங்கி ஆகும். தாயகம் திரும்பியோர் அதில் பங்குதாரராயினர். தர்மம் பெறுவோராக நிற்பதற்கும் பங்குடையோராக நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டுறவாளர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

இன்று நம் சங்கங்கள் செய்யத்தக்கவை யாவை? உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ரேஷன் கார்டு பெற்ற வெளிமாநிலத்தார், 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டு நியாய விலைக் கடைகளிலேயே தானியம் பெறலாம். அக்கடைகளிற் பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துபவை. மொழி தெரியாமையால் எவரும் வெறும் பையுடன் திரும்பாதபடி காப்பது சங்கத்தின் கடமை. பேசிய கூலியை எழுத்தில் குறித்து, தரகரிடமன்றித் தொழிலாளர் கையிலேயே கொடுப்பதும், தங்க நல்ல இடமும் குடிநீரும் அளிப்பதும், நோயுற்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வழிகாட்டுவதும் விவசாயிகளின் கடமை.

ஒருவருக்காக எல்லோரும், எல்லோருக்காகவும் ஒருவர் என்பது நம் இயக்கத்தின் கொள்கை. அந்த ‘எல்லோரில்’ நம் வயலில் நாற்று நடுபவரும் அடங்குவர் என்பதை அங்கத்தினர்கள் செயலிற் காட்டுவார்களாக!