பெயர் மட்டும் போதாது, பொருளையும் எழுதுங்கள்

நம் சங்க விழாக்களில் பொடி, ஊறுகாய், முறுக்குக் கடை போடும் சகோதரிகளை நாம் அனைவரும் அறிவோம். வீட்டு அடுப்படியில் தொடங்கி, இன்று பெங்களூர் மளிகைக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் அளவுக்கு வளர்ந்தவர்கள் அவர்களில் உண்டு. அப்படிப்பட்ட அம்மையார் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு வக்கீல் நோட்டீஸைக் கொண்டு வந்தார்.

பத்தாண்டுகளாகத் தம் மாமியாரின் பெயரில் சாம்பார்ப் பொடியும் மாங்காய் ஊறுகாயும் விற்று வருபவர் அவர். டிரேட்மார்க்கும் பதிவு செய்திருக்கிறார். இப்போது வேறொருவர் அதே பெயரை ஊறுகாய்க்குப் பதிவு செய்துகொண்டு, "இனி உங்கள் ஊறுகாய் பாட்டிலில் இந்தப் பெயர் இருக்கக் கூடாது" என்கிறார். "நான்தான் முதலிலேயே பதிவு செய்துவிட்டேனே, ஐயா!" என்று அம்மையார் கலங்கினார்.

அவருடைய விண்ணப்ப நகலை வாங்கிப் பார்த்தேன். பெயர் சரி, முகவரி சரி, கட்டணமும் சரி. ஆனால் சரக்கு விவரம் எழுத வேண்டிய இடத்தில், "வகுப்பு 30, மசாலாப் பொடிகள்" என்று மட்டுமே இருந்தது. ஊறுகாயோ 29ஆம் வகுப்பைச் சேர்ந்தது!

டிரேட்மார்க் சட்டம் ஒரு பெயரை நமக்குப் பட்டா போட்டுக் கொடுப்பதில்லை. இன்ன பொருளுக்கு இந்தப் பெயர் என்றுதான் பதிகிறது. அதற்காகப் பொருள்களை 34 வகுப்புகளாகவும் சேவைகளை 11 வகுப்புகளாகவும் பிரித்திருக்கிறார்கள். நாம் குடிக்கும் காபியையே பாருங்கள். காபித்தூள் 30ஆம் வகுப்பு. அதில் விடும் பால் 29. கலந்து கொடுக்கும் ஹோட்டலின் சேவை 43. உருளைக்கிழங்கு சிப்ஸ் 29இல் இருக்க, அரிசி முறுக்கு 30இல் இருக்கிறது. ஒரே தட்டில் இருப்பவை பதிவேட்டில் வேறு வேறு இடங்களில்!

விடுபட்ட பொருளைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாமே என்றால், அதுவும் முடியாது. விண்ணப்பத்தில் இருப்பதைக் குறைக்கலாம், புதிய சரக்கை நுழைக்க முடியாது. புதிதாக விண்ணப்பித்து, புதிதாகக் கட்டணம் கட்ட வேண்டும்.

"அப்படியானால் வகுப்பில் உள்ள எல்லாப் பொருள்களையும் எழுதிவிட்டால் போயிற்று" என்று சில ஏஜெண்டுகள் சொல்கிறார்கள். இதுவும் தவறான யோசனை என்பதே என் கருத்து. பதிவு செய்த பொருளுக்குப் பெயரைத் தொடர்ந்து 5 ஆண்டுகள் பயன்படுத்தாவிட்டால், அந்தப் பதிவை நீக்கும்படி பிறர் கேட்கலாம். சார்மினார் வழக்கில் நடந்தது என்ன? சிகரெட் மட்டுமே தயாரித்த நிறுவனம், புகையிலைத் தயாரிப்பு என்று பொதுவாகப் பதிவு வைத்திருந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் அதைச் சிகரெட்டோடு நிறுத்தியது.

நம் ஊர் நந்தினி வழக்கு இன்னும் தெளிவான பாடம். கர்நாடகப் பால் கூட்டமைப்பு 1985 முதல் 'நந்தினி' என்ற பெயரில் பால் விற்கிறது. 'நந்தினி டீலக்ஸ்' உணவகம் 1989 முதல் நடக்கிறது. உணவகத்தின் பதிவு விண்ணப்பம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. பால், பால் பொருள்கள் நீங்கலாக உணவகத்தார் அந்தப் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று 2018இல் தீர்ப்பு வந்தது. ஒரு வகுப்பில் சில பொருள்களை விற்பதாலேயே வகுப்பு முழுவதற்கும் ஏகபோகம் கொண்டாட முடியாது என்றது நீதிமன்றம்.

ஆகவே, பேராசையும் வேண்டாம், அசட்டையும் வேண்டாம். இன்று விற்பதையும், அடுத்த சில ஆண்டுகளில் உண்மையாகவே விற்க நினைப்பதையும் ஒரு தாளில் எழுதுங்கள். "உணவுப் பொருள்கள்" என்று மொட்டையாக எழுதாமல், "மாங்காய் ஊறுகாய், உலர்த்திய காய்கறி வற்றல்" என்று விளங்க எழுதுங்கள். ஒவ்வொன்றும் எந்த வகுப்பு என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். தனி நபரும் சிறு தொழில் செய்வோரும் கணினி வழியே விண்ணப்பிக்க வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய்தான் கட்டணம். அம்மையார் இதை மிச்சப்படுத்தவில்லை. அப்படி ஒரு வகுப்பு இருப்பதையே யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அவர் கதை முடிந்துவிடவில்லை. முன்பிருந்தே அந்தப் பெயரில் ஊறுகாய் விற்றதை நிரூபித்தால் சட்டம் கைகொடுக்கும். பழைய பில்களையும் லேபிள்களையும் தேடிக்கொண்டிருக்கிறார். ஆனால், ஒரு வரியில் முடிந்திருக்க வேண்டிய காரியத்துக்கு இன்று கோர்ட்டுப் படி ஏற வேண்டியிருக்கிறது.

கர்நாடகத்து விண்ணப்பங்கள் சென்னைப் பதிவகத்துக்குத்தான் போகின்றன. விவரம் அறிந்த வழக்கறிஞர்களும் நம் உறுப்பினர்களிடையே இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிறு, சங்கக் கட்டடத்தில் இரண்டு மணி நேரம் அமர்ந்து இந்தச் சகோதரிகளின் விண்ணப்பங்களைப் படித்துப் பார்த்துச் சொன்னால் என்ன? விழாவில் அவர்கள் முறுக்கை வாங்கிப் பாராட்டுவதைவிட அது பெரிய உதவியாக இருக்கும்.